பதினேழு செகண்டு

நீ ஜன்னலோரமே உக்காந்துக்கோ எம்மா. எனக்கு இந்தப் பக்கம்தான் வேணும். காத்துக்காகச் சொல்லல. இங்கன இருந்தாத்தான் அந்த மூணாவது சீட்டு நல்லாத் தெரியும். நீலச் சேலை கட்டிக்கிட்டு, பச்சை ஒயர் கூடையைப் பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காந்திருக்காள்லா, அவதான். பேரு உலகம்மா. கூடையை ஏன் சீட்டுல வச்சிருக்கான்னு நினைக்க? நான் போயி உக்காந்துரக் கூடாதுன்னுதான். கண்டக்டரு ரெண்டு தடவை சொல்லிட்டாரு, "கூடையைக் கீழ வைம்மா"ன்னு. அவ காதுலயே வாங்கல.

நாங்க ரெண்டு பேரும் ஒரே எடத்துக்குத்தான் போறோம், கேட்டியா. மதுரையில ஒரு காலேஜு. சாயந்தரம் நாலு மணிக்கு அங்க ஒரு படம் போடுதாங்க. சினிமா இல்ல, டாக்குமெண்டரி. படிக்கிற பிள்ளைங்க எடுத்தது, இருபத்திரண்டு நிமிசம். கேமராவைப் பத்தின படம். தெருவுல, கடையில, கம்பத்துல மாட்டி வைக்காங்கள்லா, அந்தக் கேமரா. அதுல நானும் வாரேன், அவளும் வாரா. படம் ஓட ஆரம்பிக்கிறதுக்குள்ள நான் அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். மதுரைக்கு மூணு மணி நேரம் இருக்கே, ஒரு வார்த்தைக்கு அது போதாதான்னு கேப்ப. ரெண்டு மாசமாச் சொல்லணும் சொல்லணும்னு இருக்கேன் எம்மா.

உனக்குத் தூக்கம் வருதா? இல்லல்லா. அப்பக் கேளு.

என் பேரு சண்முகவடிவு. பாளையங்கோட்டையில முல்லை நகர் மூணாம் தெரு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல முப்பத்தோரு வருசம் சர்வீஸு. டிரங்க் கால்னா உனக்கெல்லாம் என்னன்னு தெரியாது. ஊரு விட்டு ஊரு பேசணும்னா எங்ககிட்ட புக் பண்ணிட்டுக் காத்துக் கிடக்கணும். கிடைச்சா மூணு நிமிசம். லைன் சரியில்லன்னா நாங்களே நடுவுல பூந்து கத்துவோம், "பம்பாய்ல அவரு சவுக்கியமாம், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுட்டாம்"னு. அந்தத் தொண்டைதான் இது. நான் அடுப்படியில ரகசியம் சொன்னா மார்க்கெட்டு வரைக்கும் கேக்கும்னு எங்க சாரு சொல்லுவாரு. எங்க சாருன்னா எங்க வீட்டுக்காரரு. அவரு போஸ்ட் ஆபீசுல இருந்து ரிட்டயர் ஆனவரு. பேச்சு கிடையாது, தலையாட்டுதது மட்டும்தான்.

அந்த முப்பத்தோரு வருசத்துல நான் எவ்வளவு கேட்டிருப்பேன்னு நினைக்க! நிச்சயமான கல்யாணம் நின்னது, சொத்துக்காக அண்ணன் தம்பி அடிச்சுக்கிட்டது, ஊருக்கே பெரிய மனுசன் போன்ல அழுதது. எல்லாம் காதுல விழும். ஒண்ணு, ஒரே ஒண்ணு வெளிய சொன்னது கிடையாது. எங்க அம்மைகிட்டகூடச் சொன்னதில்ல. இந்தப் பெருமையை நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். அந்தப் பிள்ளைங்ககிட்டயும் சொன்னேன். அதுதான் வினையாப் போச்சு.

ரிட்டயர் ஆனபொறவு தெருச் சங்கத்துக்கு என்னைச் செயலாளரா ஆக்கினாங்க. சும்மா இருப்பேனா? ரெண்டு வருசம் முன்னால தெருவுக்கு நாலு கேமரா போட்டேன். தெருவே சேந்து போட்டதுதான், ஆனா யோசனை என்னுது. மானிட்டரும் எங்க வீட்டு ஹால்ல. டி.வி. சீரியல் எல்லாம் விட்டாச்சு எம்மா. இதுக்கு முன்னால சீரியல் என்னத்துக்கு ஆகும்? எட்டாம் வீட்டு மருமக வாக்கிங் போறேன்னு போயி முக்குல நின்னு நாப்பது நிமிசம் போன் பேசுதா. ரெண்டாம் வீட்டுத் தாத்தா பேரனுக்குத் தெரியாம பஜ்ஜி வாங்கி நின்னுகிட்டே தின்னுட்டு, வாயைத் துடைச்சுக்கிட்டு உள்ள போறாரு. நான் வேவு பாக்கேன்னு நினைச்சுராத. பாதுகாப்பு. யாருக்கும் ஒண்ணும் ஆயிரக் கூடாதுல்லா, அதுக்குத்தான் பாக்கேன்.

தெருவுல யாராவது குப்பையை மாத்திப் போட்டா, வண்டியைக் குறுக்க விட்டா, நான் சொல்லுதது ஒரே வார்த்தை. "எல்லாம் கேமராவுல இருக்கு." அவ்வளவுதான். அடங்கிருவாங்க. நான் போயிப் பாத்தேனா பாக்கலியாங்கறது வேற விசயம். எனக்கு ஓடுததைப் பாக்கத்தான் தெரியும், பின்னால போட்டுப் பாக்கத் தெரியாது. கேமரா மாட்டின தம்பி சொல்லித் தந்தான். நான் தலையாட்டினேன், எங்க சாரு மாதிரி.

இந்தா, போன்லயும் தெரியும், பாரு. நாலு கட்டமா இருக்குல்லா? இது எங்க வீட்டு வாசல். ஐயோ, பாத்தியா, நான் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகல, கேட்டைத் தொறந்து போட்டுட்டு வெளிய நின்னு பக்கத்து வீட்டுக்காரருகிட்டச் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்காரு. எங்கிட்ட இப்படிப் பேசினதே கிடையாது. போகட்டும். வாசலைப் பாரு. மார்கழி மாசம். ஒரு கோலம் தெரியுதா? அது ஸ்டிக்கரு. எட்டு வீட்டுக்கும் ஸ்டிக்கரு.

அந்த எட்டு வீட்டுக்கும் வாசல் தெளிச்சுக் கோலம் போட்டது உலகம்மாதான். ஒம்பது வருசம். விடியக்காலம் அஞ்சு மணிக்கு வாளியும் விளக்கமாறுமா வருவா. அந்தந்த வீட்டு வாசல் குழாய்லயே தண்ணி பிடிச்சுத் தெளிச்சு, ஆறரைக்குள்ள எட்டு வாசலையும் முடிச்சிட்டு அடுத்த தெருவுக்குப் போயிருவா. எங்க தெருவுல எல்லாருமே முழங்கால் வலிக்காரங்க. அவ இல்லன்னா தெரு விடியாது. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். "வடிவுக்கா, மூணு நாளாச் சொல்லுதேன், கோலப்பொடி தீந்து போச்சு, விரலால காத்துலயா போடச் சொல்லுதிய?"ன்னு கேப்பா. எனக்கும் அவளுக்கும் நல்லாத்தான் இருந்தது.

இப்ப ஆயுத பூசைக்கு வா.

எங்க வீட்டுல ஆயுத பூசைன்னா ஒண்ணு விடமாட்டேன். மிக்சி, கிரைண்டரு, தையல் மிசினு, எங்க சாரோட ஸ்கூட்டரு, அருவாமணை, எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம். போன வருசம் கேமராவை மறந்துட்டேன். ராத்திரி பூரா மனசு கேக்கல. நமக்காக இருபத்திநாலு மணி நேரமும் முழிச்சுக் கிடக்குது, அதுக்கு ஒரு பொட்டு இல்லியான்னு. அதனால இந்த வருசம் மொத வேலையா அதுதான். எங்க சாரை ஏணியில ஏத்தினேன். நான் கீழ தட்டோட நிக்கேன். அவரு கேமராவோட முதுகுப் பக்கம் வைக்கப் போறாரு. "முதுகுல யாராவது பொட்டு வைப்பாங்களா? முகத்துல வைங்க, நடு முகத்துல"ன்னு சொன்னேன். அவரு என்னைத் திரும்பிப் பாத்தாரு. "வைங்கன்னா வைங்க"ன்னேன். வச்சுட்டாரு. நாலுக்கும். நல்லாக் கெட்டிச் சந்தனம், நடுவுல ஒரு ரூபா அகலத்துக்குக் குங்குமம். சிரிக்காத. எனக்கும் இப்பச் சிரிப்பு வருது, அன்னிக்கு வரல. நான் சொன்னா அவரு அப்படியே செய்துரணுமா? போஸ்ட் ஆபீசுல இருந்தவருக்கு ஒரு புத்தி வேண்டாமா?

நாலாம் நாள் காலைல ஆறாம் வீட்டு சிதம்பரநாதன் வாசல்ல ஒரே வெள்ளம். வாசல் குழாயைக் காணல. பழைய பித்தளைக் குழாய், நல்ல கனம். யாரோ திருகிக் கழத்திட்டுப் போயிருக்கான், மாடித் தொட்டித் தண்ணி பூரா தெருவுல ஓடுது. தெருவே கூடிட்டு. அந்த சிதம்பரநாதனுக்கு ஆரம்பத்துல இருந்தே கேமரா பிடிக்காது. எல்லாரு முன்னாலயும் எங்கிட்டத் திரும்பி, "என்ன செயலாளரம்மா, ரெண்டு வருசமா உங்க கேமரா நாயைத் தவிர எதையும் பிடிக்கலியே, இதையாவது பிடிச்சுதா?"ன்னு கேட்டாரு. நாலு பேரு சிரிச்சாங்க. எட்டாம் வீட்டு மருமகளும் சிரிச்சா.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீயே சொல்லு.

உலகம்மா அப்ப வாளியோட அங்கனதான் நின்னா. அந்தக் குழாயில தெனமும் தண்ணி பிடிக்குதவ அவதான். விடியக்காலம் தெருவுல இருக்குத ஒரே ஆளும் அவதான். நான் அவளைப் பாத்தேன். "பிடிக்காம என்ன? எல்லாம் கேமராவுல இருக்கு. நானாச் சொல்லணுமா, அவளாச் சொல்லுதாளா, கேளுங்க"ன்னுட்டேன்.

வாயில இருந்து வந்துட்டு எம்மா. பேரு சொல்லல பாத்துக்கோ. பேரு சொல்லவே இல்ல. ஆனா எட்டு வீடும் அவளைத் திரும்பிப் பாத்துட்டு.

அவ எங்கிட்ட வந்தா. "இருந்தா காமிங்க வடிவுக்கா"ன்னா. நான், "காமிக்கணும்னா போலீசுக்குத்தான் காமிப்பேன், உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்"னேன். அவ கோலப்பொடி டப்பாவை எங்க வீட்டுப் படியில வச்சா. வாளியைக் கவுத்தா. போயிட்டா. பாத்தியா, குத்தம் இல்லன்னா ஏன் போறான்னு எல்லாரும் பேசினாங்க. மறுநாள் அடுத்த தெரு ஆறு வீட்டுலயும் அவளை நிப்பாட்டிட்டாங்க. பதினாலு வாசல். அவ வீட்டுக்காரரு கீழ விழுந்து இடுப்பொடிஞ்சு கிடக்குத ஆளு. இதெல்லாம் எனக்கு அப்பத் தோணல.

கங்கைகொண்டான் தாண்டிட்டோமா? சரி, நேரம் இருக்கு.

அடுத்த வாரம் அந்தப் பிள்ளைங்க வந்து எறங்குது. நாலாம் வீட்டு பேங்க் சாரோட மக இலக்கியா, மதுரையில படிக்கா. அவகூடப் படிக்குத ஹமீதுன்னு ஒரு பையன், கேமரா பிடிக்குதவன், ரொம்ப மரியாதை. கண்காணிப்புக் கேமராவைப் பத்திப் படம் எடுக்கணுமாம், அது பரீட்சையில சேத்தியாம். "ஆண்ட்டி, உங்களைத்தான் மெயினா வைக்கப்போறோம்"னா. எனக்கு எப்படி இருக்கும்? கல்யாணப் பட்டுச் சேலையை எடுத்துக் கட்டினேன். மூணு நாளு எடுத்தாங்க. நான்தான் எல்லாம் சொல்லிக் குடுத்தேன், இங்க இருந்து எடு, தெரு தெரியுத மாதிரி எடு, எங்க சாரு பின்னால பனியனோட நடமாடுதாரு, அதை எடுக்காதன்னு. அந்த இலக்கியா கேக்கா, "ஆண்ட்டி, நீங்க எல்லாரையும் பாக்கிறீங்க. உங்களை யாரு பாக்கிறா?"ன்னு. "என்னை எதுக்குப் பாக்கணும்? நான் என்ன தப்பா பண்ணுதேன்?"னேன். நல்ல பதிலுல்லா?

டிரங்க் கால் கதையும் சொன்னேன். முப்பத்தோரு வருசம் கேட்டது எதையும் வெளிய சொன்னதில்லன்னு, நெஞ்சைத் தட்டிச் சொன்னேன்.

மூணாம் நாளுதான் மானிட்டரை எடுக்க வந்தாங்க. ஹமீது அதைப் பாத்துட்டு, "என்ன ஆண்ட்டி, நாலு கேமராவும் ஆரஞ்சா இருக்கு?"ன்னான். "மழை மூட்டமா இருக்கும்"னேன். அவன் சிரிக்காம ஏணியை எடுத்துக்கிட்டுப் போனான். ஒம்பது நாள் சந்தனம் எம்மா, காஞ்சு ஓடு மாதிரி ஒட்டிக் கிடந்திருக்கு. நகத்தால சுரண்டிச் சுரண்டி எடுத்துக்கிட்டு வந்து என் உள்ளங்கையில வச்சான். இலக்கியா, "அப்ப அந்தக் குழாய் காணாமப் போன அன்னிக்கு?"ன்னா. ஹமீது உக்காந்து பின்னால ஓட்டினான். அன்னிக்கு ஆரஞ்சு. அதுக்கு மொத நாளு ஆரஞ்சு. பூசை வரைக்கும் ஆரஞ்சு. ஒரு பூனை குறுக்க போனாக்கூடத் தெரியாது.

எங்க சாரு அதுவரைக்கும் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தவரு, "நான் முதுகுலதான் வைக்கப் போனேன்"னாரு. வருசத்துக்கு ஒரு வார்த்தை பேசுத மனுசன், அதை அன்னிக்குப் பேசணுமா?

பூசைக்கு முன்னால உள்ளது ஒரு ஆறு நாள் மட்டும் ரெக்கார்டு ஆகுத பெட்டியில அழியாம இருந்தது. ஹமீது அதை ஓட்டிக்கிட்டே போனான். அஞ்சு மணி, உலகம்மா வாரா. தெளிக்கா, கூட்டுதா, குனிஞ்சு கோலம் போடுதா. நான் இத்தனை வருசமா அவ கோலத்தை நேராப் பாத்திருக்கேன், மேல இருந்து பாத்ததில்ல. பதினஞ்சு புள்ளி, ஒரு கோடு கோணல் கிடையாது. போட்டு முடிச்சிட்டு எந்திரிக்கா. எந்திரிச்சு, எங்க வீட்டு வாசல்ல பால்காரன் வீசிட்டுப் போன பால் பாக்கெட்டை எடுத்து, நாய் இழுக்காம கேட்டு மேல வைக்கா. மறுநாளும் வைக்கா. ஆறு நாளும் வைக்கா. எட்டு வீட்டுக்கும். நான் தெனமும் கேட்டு மேல இருந்துதான் பாலை எடுப்பேன். பால்காரன் வச்சிட்டுப் போறான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். ரெண்டு வருசமா அந்த மானிட்டரு முன்னாலயே கிடந்தவ நான். அவ எதையாவது எடுக்காளான்னுதான் பாத்திருக்கேன் போல, வைக்கதைப் பாக்கல.

அப்பதான் அந்தப் பிள்ள இலக்கியா கேட்டா. மெதுவாத்தான் கேட்டா. "ஆண்ட்டி, முப்பத்தோரு வருசம் காதால கேட்டதை யார்கிட்டயும் சொல்லலன்னீங்க. கண்ணால பாக்காததை எப்படி ஆண்ட்டி சொன்னீங்க?"

அப்படியே உக்காந்திருக்கேன். கையில அந்தச் சந்தன ஓடு. பொறவு பாத்தா ஹமீதோட கேமராவுல செவப்பு லைட்டு எரியுது. "ஆஃப் பண்ணுலே"ன்னு கத்தினேன். உடனே ஆஃப் பண்ணிட்டான், நல்ல பிள்ள. ஆனா அதுக்கு முன்னால உள்ளது பதிஞ்சிட்டு. பதினேழு செகண்டு நான் ஒண்ணும் பேசாம இருக்கேனாம். படத்துல அதை வச்சிருக்காங்களாம், வெட்டவே இல்லியாம். "என்னை முட்டாளாக் காட்டப் போறியாட்டி?"ன்னு போன்ல கேட்டேன். "இல்ல ஆண்ட்டி, படத்துலயே நீங்க நெசமா இருக்கிற எடம் அதுதான்"னுட்டா. இந்தக் காலத்துப் பிள்ளைங்க எப்படிப் பேசுதுங்க பாத்தியா.

அவங்க அதோட விடல. முக்குல பால் பூத்து இருக்கு, அந்தப் பூத்துக்காரன்கிட்டயும் ஒரு கேமரா. அங்க போயிக் கேட்டு ஓட்டிப் பாத்திருக்காங்க. அந்த மனுசன் பூசைக்குக் கேமரா முதுகுலதான் பொட்டு வச்சிருக்கான். அறிவு! குழாய் போன அன்னிக்கு விடியக்காலம் மூணரை மணிக்கு ரெண்டு தடியனுங்க பைக்குல வாரானுங்க, சாக்கோட போறானுங்க. அன்னிக்கு மட்டும் சுத்துவட்டாரத்துல பதினோரு குழாய் போயிருக்கு. உலகம்மா அஞ்சு மணிக்குத்தான் தெருவுக்குள்ளயே வாரா, வாளியோட. அவ எடுக்கல.

தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. சிதம்பரநாதனே போயி அவளைக் கூப்பிட்டாரு. வரல. வீட்டுக்குப் பின்னால இட்லி அவிச்சு விக்கா இப்ப. நான் சும்மா இருந்தேன்னு நினைக்காத. தீபாவளிக்கு ஒரு சேலை எடுத்து எங்க சார்கிட்டக் குடுத்து அனுப்பினேன். நல்ல சேலை, பார்டரு வச்சது. மடிப்புக் கலையாமத் திரும்பி வந்துட்டு. கூட ஒரு சேதியும். "சேலை வேண்டாம். எட்டு வீட்டு முன்னால சொன்னாவல்லா, எட்டு வீட்டு முன்னால வந்து சொல்லச் சொல்லுங்க." எங்க சாரு அதை ஒரு எழுத்து மாத்தாமச் சொன்னாரு. முப்பது வருசம் தந்தி குடுத்தவருல்லா.

எட்டு வீட்டு முன்னால! நான் செயலாளரு எம்மா. சிதம்பரநாதன் நிப்பாரு. எட்டாம் வீட்டு மருமக நிப்பா. தனியாக் கூப்பிட்டா ஆயிரம் தடவை சொல்லுவேன்.

இன்னிக்குப் பாரு, இலக்கியா எனக்கும் பதினோரு மணி பஸ்ஸைச் சொல்லியிருக்கா, அவளுக்கும் பதினோரு மணி பஸ்ஸைச் சொல்லியிருக்கா. தற்செயலா நடந்ததாம். நான் நம்புவேனா? பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பேரும் எதுக்க எதுக்க நின்னோம். நான் சிரிச்சேன். அவ கூடையைத் தூக்கிக்கிட்டு ஏறிட்டா.

அதான் உங்கிட்ட கேக்கேன். எப்படிச் சொன்னா நல்லா இருக்கும்? "உலகம்மா, அன்னிக்கு எல்லாரும் கேட்டதுல வாய் தவறிட்டு..." சரியில்லியா? "பொட்டு மறைச்சது எனக்கு என்ன தெரியும், எங்க சாரு வச்ச பொட்டு..." அதுவும் வேண்டாமா? ஏன் தலையை ஆட்டுத? "தப்பு நடந்து போச்சு, மனசுல வச்சுக்காத..." இதுக்கு என்ன குறை?

என்ன சொன்ன? இந்த பஸ் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. நெசமாத் தெரியாதான்னா கேக்க?

எது? படம் மங்கலா இருந்தது அன்னிக்கே எனக்குத் தெரியாதான்னா?

நீ இலக்கியாவுக்குச் சொந்தமா? இல்லியே. ஏன் கேக்கேன்னா, அவ அதைத்தான் கேக்கல. மத்தது எல்லாம் கேட்டா.

தெரியும் எம்மா.

பூசைக்கு மறுநாளே பாத்தேன், நாலு கட்டமும் ஒரே கலங்கல். கேமரா தம்பிக்குப் போன் போட்டேன், நாளைக்கு வாரேன் நாளைக்கு வாரேன்னான். பொட்டுதான் காரணம்னு தெரியாது, சத்தியமாத் தெரியாது. ஆனா அன்னிக்குக் காலைல அதுல ஒண்ணுமே பதிஞ்சிருக்காதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். சிதம்பரநாதன் சிரிச்சாருல்லா, அது பொறுக்கல. சிரிப்பை நிப்பாட்டணும், அவ்வளவுதான். பக்கத்துல அவ நின்னா. வேற யாரு நின்னாலும் அவங்களைச் சொல்லியிருப்பேனான்னு கேட்டா, அதுவும் இல்ல. சிதம்பரநாதன் மக நின்னிருந்தா சொல்லியிருக்க மாட்டேன். அவ கையில வாளி இருந்தது, அதனாலதான் சொன்னேன். அந்தப் பதினேழு செகண்டும் இதைத்தான் நினைச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எனக்கு வெக்கமா இருக்கு எம்மா. பால் எடுக்கப் போகும்போதெல்லாம், இப்பக் கீழதான கிடக்கு பாக்கெட்டு, குனிஞ்சு எடுக்கும்போதெல்லாம் வெக்கமா இருக்கு.

என்ன? கேக்கலியா? நடுவுல விட்டுட்டா? இந்த ஹாரன் வேற. டிரங்க் கால்ல நாங்க ஆளுங்களுக்குச் சொல்லுவோம், மூணு நிமிசம்தான், சுத்தி வளைக்காதீங்க, விசயத்தை மட்டும் கத்திச் சொல்லுங்கன்னு. அப்படித்தான சொல்லச் சொல்லுத? சரி, சொல்லுதேன். நல்லாக் கேட்டுக்கோ.

உலகம்மா குழாயை எடுக்கல! கேமராவுல ஒண்ணுமே இல்ல! இல்லன்னு தெரிஞ்சே நான்தான் பொய் சொன்னேன்! தப்பு என்மேல! என்னை மன்னிச்சிரு உலகம்மா!

இப்படித்தான? இவ்வளவுதான. இதை எறங்கினதும் அவகிட்டப் போயி...

ஏன் பஸ்ஸு இப்படி அமைதியா இருக்கு? பாட்டை எதுக்கு நிப்பாட்டினாரு டிரைவரு? என்னண்ணாச்சி, எல்லாரும் திரும்பிப் பாக்கிய? கண்டக்டரே, நீங்க என்ன விசிலை வாயில வச்சுக்கிட்டு அப்படியே நிக்கிய? ஐயோ. அவ்வளவு சத்தமாவா சொன்னேன்?

எம்மா, நீ கொஞ்சம் எட்டிப் பாரேன். என்னால பாக்க முடியல. அவ கேட்டது எட்டு வீடு, இப்ப ஒரு பஸ்ஸே கேட்டுட்டு. திரும்பிட்டாளா? அழுதாளா? என்ன பண்ணுதா?

கூடையை எடுத்துட்டாளா?

மடியில வச்சிருக்காளா? நல்லாப் பாத்துச் சொல்லு எம்மா, நான் இனிமே பாக்காம ஒண்ணும் சொல்லுததா இல்ல. சீட்டு காலியா இருக்கா?

சரி. கம்பியைப் பிடிச்சுக்கிடுதேன், நான் போறேன். என் பையை மட்டும் பாத்துக்கோ.